இல்லத்தில் வளர்ந்தவர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்: யாரிடம் போவது?

வியாசர்பாடி வாசகி | 2025 ஜூன் 28, பிற்பகல் 3.10

என் கொழுந்தனாருக்கு 26 வயது. மாமனார் கடலில் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த மாமியார், 2008-இல் இவரை மட்டும் வடசென்னையில் உள்ள தனியார் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டார். 2015 வரை அங்கே தங்கித்தான் படித்தார். சென்ற மாதம் எங்கள் மகனை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அன்று இரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அடித்தது மட்டும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர், “பதினெட்டு வயது தாண்டி மூன்று வருடம் ஆகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார். அது உண்மையா? மாமியாருக்கு இன்னும் தெரியாது. யாரிடம் போவது?

குமாஸ்தா | ஜூன் 28, இரவு 9.40

முதல் வேலையாக உங்கள் பதிவிலிருந்து இல்லத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் நீக்கச் செய்திருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும், குழந்தைகள் இல்லங்களை ஒழுங்குபடுத்தும் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கின்றன. அவர் இன்று வளர்ந்த ஆளாக இருந்தாலும், தன் பெயர் எங்கே வெளிவர வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழக்கறிஞர் சொன்னது பாலியல் குற்றத்துக்குப் பொருந்தாது. மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவிலேயே தெளிவாக இருந்தது. குழந்தைப் பருவத்தில் நடந்ததை எந்த வயதிலும் புகார் செய்யலாம் என்று 2018-இல் மத்திய அரசும் விளக்கம் தந்தது. உங்கள் கொழுந்தனாரின் கதை இரண்டு சட்டங்களின் காலத்தில் கால் வைத்து நிற்கிறது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்தவை அச்சட்டத்தின் கீழ் வரும்; இல்லத்தின் நிர்வாகியோ ஊழியரோ செய்திருந்தால் அதைக் கடுமையான குற்றமாகத் தனியே வைத்திருக்கிறது. அதற்கு முன் நடந்தவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். சிறுவர்கள் விஷயத்தில் அன்று இருந்த ஒரே பிடி, ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டித்த 377-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை என்றாலும், குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டமே பொருந்தும்.

அடி உதை மட்டும் என்றால் அந்த வழக்கறிஞர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்கு ஆறு மாதம்தான் தண்டனை. அதற்குக் காலவரம்பு ஓராண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்ல ஊழியர் செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். உங்கள் கொழுந்தனார் அதற்குள் வெளியே வந்துவிட்டார்.

குமாஸ்தா | ஜூன் 28, இரவு 10.25

நான் யார் என்று கொளத்தூர் அன்பர் கேட்டிருக்கிறார். தம்புச் செட்டித் தெருவில் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் குமாஸ்தா. வழக்கறிஞர் அல்லன். ஆகவே நான் எழுதுவதை வைத்துக்கொண்டு நேராக நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டாம். இன்னொன்று: பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் ஓர் இல்லத்தில்தான் வளர்ந்தேன். அந்த இல்லம் இன்று இல்லை. அங்கே எனக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அது தெரிந்துதான் பேசுகிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

குமாஸ்தா | ஜூன் 29, காலை 7.05

காவல் நிலையத்தில் முதல் கேள்வி “இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரச ஆணையம் ஒன்று இயங்கியது. பாதிக்கப்பட்ட எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அந்த ஆணையர்கள் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர்கள் முதன்முதலாக வாய் திறக்கச் சராசரியாக எடுத்துக்கொண்ட காலம் 23.9 ஆண்டுகள். பெண்களைவிட ஆண்கள் இன்னும் தாமதம். உங்கள் கொழுந்தனார் இல்லத்தை விட்டு வந்து பத்து ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தக் கணக்கில் அவர் சீக்கிரமாகவே பேசிவிட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் வீட்டிலும் யாராவது அதே கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான். போலீஸ்காரர் கேட்டால் ஒரு நாளில் மறந்துவிடும். அண்ணன் கேட்டால் மறக்காது.

குமாஸ்தா | ஜூன் 30, இரவு 8.50

மாமியாரிடம் சொல்லலாமா என்று தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். அனுமதியோடு பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இல்லத்தில் வளர்ந்த எல்லார் வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

எங்கள் இல்லத்தில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் குறைவு. பலருக்கும் தாய் இருந்தாள். பாட்டி இருந்தாள். கணவனைக் கடலிலோ குடியிலோ இழந்து, பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கட்டும் என்று கொண்டு வந்து விட்டவர்கள் அவர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியத் தொடங்கியதும், இல்லத்தின் வாசலில் தூக்குச் சட்டியோடு வந்து நிற்பார்கள். எனக்கு என் அம்மா கருவாட்டுத் தொக்கு கொண்டு வருவாள். பார்வையாளர் அறையில் காப்பாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். “நல்லா பாத்துக்கிறாங்களா?” என்று அம்மா கேட்பாள், அவளுடைய கண் என் முகத்தில் இருக்காது, நன்றியோடு அவர் பக்கம் இருக்கும். அந்த நன்றியை உடைக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

ஆகவே உங்கள் கொழுந்தனார் இத்தனை நாள் தன் தாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்றுகூட இருக்கலாம். அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சொல்லும் நாளில் மாமியாரைப் பிடித்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயைத் தேற்றும் வேலையும் அவர் தலையிலேயே விழும்.

புகார் செய்வதா வேண்டாமா என்ற முடிவும் அவருடையதுதான். உறவினர் எவரும், தன்னார்வலர் எவரும், நான் உட்பட, அவரை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளக் கூடாது.

குமாஸ்தா | ஜூலை 2, இரவு 9.15

எண்ணூர் நண்பர், “போக்சோ வழக்கில் குழந்தைக்கு ஆதரவு நபர் கட்டாயம் உண்டு, பிறகு என்ன குறை?” என்று எழுதியிருக்கிறார். ஏட்டில் குறை இல்லைதான். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு ஆதரவு நபரை நியமிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவர் கூடவே இருந்து, வாய்தா எப்போது, மருத்துவப் பரிசோதனை எதற்கு, இழப்பீட்டுக்கு எப்படி மனு போடுவது என்று குழந்தைக்கும் குடும்பத்துக்கும் விளங்கச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2023-இல் இதை வலியுறுத்தியது.

ஆனால் யாரை நியமிக்கலாம் என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். குழந்தை உரிமை அமைப்பினர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியர் ஆகியோருடன், குழந்தையைப் பராமரிப்பில் வைத்திருக்கும் இல்லத்தின் அலுவலரையும் நியமிக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. வீட்டில் கொடுமைக்கு ஆளாகி இல்லத்துக்கு வந்த குழந்தைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். கொடுமையே இல்லத்தில் நடந்திருந்தால்?

பல ஆண்டுகளுக்கு முன், விதிகள் இப்படி விரிவாக வருவதற்கு முன்பு, நீதிமன்ற வராந்தாவில் கண்ணால் பார்த்தது. பதினான்கு பதினைந்து வயதுப் பெண் சாட்சி சொல்ல வந்திருந்தாள். அவளை அழைத்து வந்தது அதே இல்லத்தின் வேன். உடன் வந்தவர் இல்லத்தின் மேட்ரன் அம்மா. குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சக ஊழியர். அந்த அம்மா அவளை மிரட்டவில்லை. கடுஞ்சொல் ஒன்றுகூடச் சொல்லவில்லை. எண்ணெய் வைத்துத் தலை வாரி, கனகாம்பரம் வைத்து அழைத்து வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய பின்னலை எடுத்து முன்னால் போட்டு ரிப்பனைச் சரிசெய்துகொண்டே, “சாயங்காலம் திரும்பிப் போகும்போது பீச்சைப் பார்த்துவிட்டுப் போகலாம்” என்றார். திரும்பிப் போக வேண்டிய இடம் எது என்பதை அந்தப் பெண்ணுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கூண்டில் ஏறி, தனக்கு எதுவும் நடக்கவில்லை, நடுவர் முன் கொடுத்த 164 வாக்குமூலத்தைப் போலீஸார் சொல்லித்தான் கொடுத்தேன் என்றாள். பிறழ் சாட்சி என்று பதிவாயிற்று. எங்கள் அலுவலகத்துக்கு அந்த வழக்கில் தொடர்பு இல்லை. வேறொரு வழக்குக் கட்டின் நம்பரைப் பார்க்கப் போனவன், அங்கேயே நின்றுவிட்டேன்.

எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: துணை நிற்பவரின் சம்பளமும் சாவியும் வேனும் அந்த நிறுவனத்தினுடையதாக இருக்கவே கூடாது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

குமாஸ்தா | ஜூலை 2, இரவு 9.50

சம்பளம் என்று எழுதிய பிறகு தோன்றியது. ஆதரவு நபருக்கு, திறன்மிக்க தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் மாநில அரசு தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. ஒருவர் முழு நேரமாக இதைச் செய்யக்கூடிய அளவுக்கு அந்தத் தொகை ஒழுங்காகக் கைக்கு வந்தால், மேட்ரன் அம்மாவை வராந்தாவுக்கு அனுப்ப வேண்டிய தேவை குறையும். இப்போது இந்த வேலையைச் செய்பவர்களில் நான் அறிந்த பலர் வேறொரு வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள்.

குமாஸ்தா | ஜூலை 5, மாலை 6.30

ஜூன் 30 குறிப்பில் முடிவு அவருடையது என்று எழுதியதை இரண்டு மூன்று நாளாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் அருகே இன்னொன்றையும் வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆள் இன்னும் அங்கே இருக்கிறாரா?

இருந்தால், இன்று இரவு அந்தக் கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் கொழுந்தனாரின் மனம் தேறும்வரை காத்திருக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்து மறைத்தால் ஓராண்டு வரை. பாதிக்கப்பட்டவர் வயதுக்கு வந்த பிறகு பழையதைச் சொன்னால் அது பொருந்தாது என்று அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. அதனால்தான் அனுபவமுள்ள மனநல ஆலோசகர்கள், பேச்சைத் தொடங்கும் முன்பே, எதை ரகசியமாக வைத்துக்கொள்வோம், எதை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாத ஆலோசகரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அவருடைய கதையையும் அந்த இல்லத்தின் இன்றைய நிலையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்து, இந்த இல்லத்தில் இப்போதுள்ள குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி எங்களுக்குக் கவலை இருக்கிறது, ஆய்வு செய்யுங்கள் என்று சொல்லலாம். அதற்கு உங்கள் கொழுந்தனாரின் பெயர் தேவையில்லை. மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் இல்லத்துக்கும் போக வேண்டும் என்பதும், அந்தக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும் என்பதும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. 1098-ஐ அழைப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அனுமதி கேட்பது வேறு, தெரிவிப்பது வேறு. இங்கே தெரிவித்தால் போதும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருக்கும், இருக்கட்டும்.

குமாஸ்தா | ஜூலை 6, பகல் 1.20

“இல்லங்களில் ஆலோசனைப் பெட்டி இருக்கிறதே” என்று அதே எண்ணூர் நண்பர் விடாமல் கேட்கிறார். அவர் சொல்வது இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மாதிரி விதிகளில் உண்டு: பெட்டி அலுவலக அறையை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அருகே இருக்க வேண்டும், சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை, இல்லத்துப் பிள்ளைகளின் குழுவினர் பார்க்கத் திறக்க வேண்டும். எழுதியவர் யாரோ, இல்லத்தில் வாழ்ந்த ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

எங்கள் காலத்தில் விதி வரவில்லை, ஆனால் பெட்டி வந்துவிட்டது. பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டி, காப்பாளர் நாற்காலிக்கு நேர் மேலே, அவருடைய தலையைத் தாண்டிக் கையை நீட்டினால்தான் சீட்டைப் போட முடியும். ஒரு வருடப் பெட்டியை நன்கொடையாளர் முன்னிலையில் திறந்தபோது உள்ளே இருந்தவை: ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வேண்டும் என்ற சீட்டு, அதே கையெழுத்தில் அதே கோரிக்கை மறுபடியும், ஒரு பல்லி முட்டை. நன்கொடையாளர் நெகிழ்ந்துபோய் அடுத்த ஞாயிறு கறி அனுப்பினார். சீட்டை எழுதியவன் இப்போது மூலக்கொத்தளத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான் என்பது கூடுதல் தகவல்.

நன்கொடையாளர் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த நாளுக்கு கேக் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதை விட்டுவிட்டு, அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்யப்பட்டதா, சான்றிதழ் எந்த ஆண்டு வரை செல்லும் என்று ஒரு முறை கேட்டால் போதும். கேட்பவருக்கு வேண்டிய மரியாதை கிடைக்கும். சில இடங்களில் கிடைக்காது, அதிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம்.

குமாஸ்தா | ஜூலை 9, இரவு 10.40

முசாபர்பூரை நினைவுபடுத்திய வாசகருக்கு நன்றி. பீகாரில் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான அந்தக் காப்பகம் அரசின் நிதியில்தான் நடந்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ குழுவினர், மாநிலத்திலுள்ள காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்து 2018-இல் அறிக்கை கொடுத்த பிறகே அங்கே நடந்தது வெளியே வந்தது. நிறுவனத்தைச் சேராத ஆட்கள் உள்ளே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். வழக்கு உச்ச நீதிமன்ற உத்தரவால் தில்லிக்கு மாற்றப்பட்டு, காப்பகத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூருக்கு 2020 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

வெளிநாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நிறுவனங்களில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான ஆஸ்திரேலியாவின் ஈட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. குற்றவியல் வழக்கில் கேட்கும் அளவுக்கு நிரூபணம் கேட்பதில்லை. அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலரும், மனநல ஆலோசனையும், விரும்பினால் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பதும் அதில் அடங்கும். அதை நான் பாராட்டுகிறேன். ஆனால் அயர்லாந்தில் 2002-இல் சட்டம் இயற்றி ஈட்டு வாரியம் அமைத்தபோது, தொகை பெற்றவர்கள் அதன் விவரத்தை வெளியிட்டால் குற்றம் என்று எழுதி வைத்தார்கள். சிறு வயதில் வாயை மூடு என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, அறுபது வயதில் பணத்தோடு மறுபடியும் அதே கட்டளை. குழந்தைக் கொடுமைகளைப் பற்றி அங்கே 2009-இல் வெளிவந்த ரயன் அறிக்கை ஐந்து தொகுதிகள். அத்தனை பக்கமும் எழுதிய பிறகும் இந்தத் தடை ஒரு பக்கம் அப்படியே இருந்தது.

குமாஸ்தா | ஜூலை 10, காலை 6.55

2023-இல் திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி மாணவியர் பாலியல் தொல்லையை எதிர்த்துப் போராடியபோது தொலைக்காட்சி வண்டிகள் தெரு முழுவதும் நின்றன. நிற்க வேண்டியதுதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் அந்த வண்டிகளில் ஒன்று இல்லத்துப் பிள்ளைக்காக வந்து நான் பார்த்ததில்லை. அந்த மாணவியருக்குச் சேர்ந்து உட்கார மரத்தடி இருந்தது, வெளியே பேசத் தெரிந்த பழைய மாணவர்கள் இருந்தார்கள். இல்லத்தில் வளர்ந்தவனுக்குப் பழைய மாணவர் சங்கம் என்பது அவன் மறைக்க நினைக்கும் முகவரி.

குமாஸ்தா | ஜூலை 13, மாலை 5.10

உதவி கிடைக்கும் இடங்களை ஒரே இடத்தில் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை, வடசென்னையிலிருந்து போய்வரக் கூடியபடி எழுதுகிறேன்.

மனத்துக்கு: பக்கத்தில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, காசு வேண்டாம், ஆனால் கூட்டத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் கூசினால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் புறநோயாளர் பிரிவு, ஆனால் அந்தப் பெயருக்கே அஞ்சுகிறவர்கள் உண்டு. தொலைபேசியில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ், 14416. நள்ளிரவில் வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் ஆபத்து இருந்தால் அந்த எண்ணையே உடனே அழையுங்கள். தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’வும் இருக்கிறது. குழந்தைப் பாலியல் கொடுமை சார்ந்தே 2004 முதல் பணியாற்றிவரும் ‘துளிர்’ அமைப்பும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆலோசகர் ஆணாக இருக்க வேண்டுமா பெண்ணாக இருக்க வேண்டுமா என்று அவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். நான் முதல் தடவை போனபோது எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எங்கள் காப்பாளரைப் போலவே நரைத்த மீசை. மிக நல்ல மனிதர். அவரிடம் என்னால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

சட்டத்துக்கு: உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆணுக்கு வருமான வரம்பு உண்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. உங்கள் கொழுந்தனார் மணலியில் தொழிற்சாலையில் வேலை செய்வதாகத் தனிச் செய்தியில் எழுதியிருந்தீர்கள். அடையாள அட்டையைக் கையில் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்துக்கு: எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்ல இப்போது இடமில்லை, எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கையில் சி.எஸ்.ஆர். எனும் புகார் பெற்றதற்கான ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பினால், பாலியல் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்தில் கொடுக்கலாம்.

குமாஸ்தா | ஜூலை 13, மாலை 5.45

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, செங்குன்றம் பக்கம் மனநல இல்லம் ஒன்றில் இருக்கும் தன் சித்தியைக் கட்டிப்போடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது நம் மாநிலத்தில்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வகையிலும் தடை செய்கிறது. அன்பரே, இதில் யோசிக்க எதுவும் இல்லை. 112-ஐ அழையுங்கள்.

வியாசர்பாடி வாசகி | ஜூலை 20, காலை 11.30

1098-இல் சொன்னோம். இல்லம் இப்போதும் நடக்கிறது, அந்த ஆள் நான்கு வருடம் முன்பே போய்விட்டாராம்; எங்கே என்று தெரியாது என்கிறார்கள். ஆய்வுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தனார் ஸ்டான்லிக்கு ஒரு முறை போய்வந்தார். புகார் இப்போது வேண்டாம் என்கிறார். ஆனால் தன்னைப் பற்றி அந்த இல்லத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு வழி உண்டா?

குமாஸ்தா | ஜூலை 20, இரவு 9.05

உண்டு, அவர் கேட்பது சரியான பொருள். இல்லத்தில் வளர்ந்த பலருக்குக் கையில் இருப்பது மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். அதிலும் எங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூன் ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் பார்த்துப் பிறந்தவர்கள் நாங்கள். பிற்பாடு புகார் கொடுக்க மனம் வந்தாலும் வயதுக்கு முதல் ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள் என்பதால், அதன் நகலை இப்போதே வாங்கி வைக்கட்டும்.

தனியார் இல்லத்திடம் நேரடியாகத் தகவல் உரிமை மனு போட முடியாது. ஆனால் அந்த இல்லத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்திடம் போடலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். அவர் பெயரில் உள்ள சேர்க்கை ஆணை, குழந்தைகள் நலக் குழு பிறப்பித்த உத்தரவுகள், தனிநபர் கோப்பு, மருத்துவப் பதிவு, 2008 முதல் 2015 வரை அந்த இல்லத்தின் பதிவுச் சான்றிதழ்கள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஆதார் நகல் இணைத்தால், தன்னைப் பற்றிய பதிவைத்தான் கேட்கிறார் என்பது விளங்கிவிடும். எங்களிடம் இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். காரணம் எழுத வேண்டியதில்லை. கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பீடு பற்றிக் கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன். போக்சோ வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், கண்டுபிடிக்கப்படாவிட்டாலும்கூட, சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு பரிந்துரைக்கலாம். உத்தரவு கிடைத்து முப்பது நாளுக்குள் அரசு தர வேண்டும். வழக்கே நடக்காத நிலையிலும், குற்றவாளி யார் என்று தெரியாதபோது சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நிலைமை இதில் எங்கே பொருந்தும் என்பதை 15100 மூலம் கிடைக்கும் வழக்கறிஞர் சொல்லட்டும். புகார் இப்போது வேண்டாம் என்பதால் பாலியல் குற்றத்துக்குப் பின்னால் புகார் கொடுக்கும் கதவு மூடிவிடாது என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை நானே தட்டச்சு செய்து தருகிறேன். பாரிமுனையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பவர்களிடம் போக வேண்டாம்.